ஒன்றை ஒன்று மறைக்கும் ஞாபகங்கள்: மருந்தகத்தில் கற்ற சில பாடங்கள்

பார்மசி படித்தவர்களிடம் செஃபலோஸ்போரின் என்று சொல்லிப் பாருங்கள், முகம் லேசாக மாறும். ஆன்டிபயாடிக் மருந்துகளில் அது ஒரு பெரிய குடும்பம். தலைமுறை தலைமுறையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் தலைமுறையில் செஃபசோலின், செஃபலெக்சின். இரண்டாவதில் செஃபுராக்சிம். மூன்றாவதில் செஃப்ட்ரையாக்சோன், செஃபோடாக்சிம், செஃப்டசிடிம், செஃபிக்சிம். நான்காவதில் செஃபிபிம். இதை ஒருமுறை வாசித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, செஃபோடாக்சிம் எத்தனையாவது, செஃபுராக்சிம் எத்தனையாவது என்று கேட்டுப் பார்த்தால் அந்த அவஸ்தை புரியும்.

கல்லூரியில் நானும் கூடப் படித்தவர்களும் இதை ராத்திரி முழுக்க உட்கார்ந்து நெட்டுருப் போட்டோம். படிக்கும்போது கடகடவென்று வந்தது. காலையில் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேட்டபோது பெயர்கள் எல்லாம் தலைக்குள் இருந்தன, எது எந்த வரிசையில் என்பதுதான் கலைந்து போயிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே வாரத்தில் படித்த இன்னொரு பாடம் அசையாமல் நின்றது. பாராசிட்டமால் அளவுக்கு மீறினால் கல்லீரலை எப்படிக் கெடுக்கிறது, அதற்கு மாற்று மருந்தாக அசிட்டைல்சிஸ்டீன் ஏன் கொடுக்கிறார்கள் என்பது அந்தப் பாடம். அதை யாரும் ராத்திரி கண்விழித்துப் படிக்கவில்லை. ஒரு வகுப்பில் கேட்டதோடு சரி. அதிக நேரம் கொடுத்துப் படித்தது போனது, குறைந்த நேரம் கொடுத்தது நின்றது.

பாராசிட்டமால் பாடத்தின் பக்கத்தில் அதைப் போலவே இன்னொன்று இல்லை என்பதுதான் காரணம் என்று அப்புறம் புரிந்தது. செஃபசோலினுக்குப் பக்கத்தில் அதே ஜாடையில் ஒரு கூட்டமே நிற்கிறது. இப்படி ஒரே மாதிரியான ஞாபகங்கள் ஒன்றை ஒன்று கெடுப்பதை உளவியலில் குறுக்கீடு என்கிறார்கள். மருந்தகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இது பரீட்சைப் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை. தினமும் கையில் படுகிற விஷயம் ஆகிவிட்டது. அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படிக்கவும் செய்தேன்.

காலம் போகப் போக ஞாபகம் தேய்கிறது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். 1885-ல் ஹெர்மன் எபிங்ஹாஸ் வெளியிட்ட மறதிக் கோடு அந்த எண்ணத்துக்கு வலு சேர்த்தது. அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு போகிறது என்று அளந்து பார்த்தவர் அவர். முதல் சில மணி நேரத்தில் சரேலென்று இறங்கி, பிறகு மெதுவாகத் தட்டையாகிற கோடு அது. கோட்டில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் படத்தின் அடியில் நேரம் என்று எழுதியிருப்பதால் மட்டும் நேரமே காரணம் என்று ஆகிவிடாது. 1932-ல் ஜான் மெக்கியோக் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு நல்ல உதாரணம் சொன்னார். இரும்பு நாளாக நாளாகத் துருப்பிடிக்கிறது, ஆனால் துருப்பிடிக்க வைப்பது நாள் இல்லை, ஆக்சிஜன். அந்த நாட்களுக்குள் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அதை நேரடியாகப் பார்த்த சோதனை அதற்கு முன்பே, 1924-ல், கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்துவிட்டது. ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் இரண்டே இரண்டு மாணவர்களை வைத்துச் செய்தார்கள். பத்து அர்த்தமற்ற அசைகளைப் படிக்க வேண்டும். படித்ததும் சில நாள் தூங்க வேண்டும், சில நாள் வழக்கமான வேலைகளைப் பார்க்க வேண்டும். எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டபோது, விழித்திருந்த நாட்களில் பத்தில் ஒன்றுதான் தேறியது. தூங்கி எழுந்த நாட்களில் பாதிக்கு மேல் தேறியது. கடந்த நேரம் இரண்டிலும் ஒன்றுதான். தூக்கம் ஞாபகத்தைக் கெட்டிப்படுத்தவும் செய்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டுகின்றன, அதனால் அந்த வித்தியாசம் முழுவதையும் குறுக்கீட்டின் கணக்கில் எழுத முடியாது. இருந்தாலும் நேரத்தை மட்டும் குற்றம் சொல்வது அன்றைக்கே ஆட்டம் கண்டுவிட்டது.

குறுக்கீடு இரண்டு திசையில் வரும். புதிதாகப் படித்தது பழையதைக் கெடுத்தால் பின்னோக்குக் குறுக்கீடு. ம்யூல்லர், பில்செக்கர் என்ற இரு ஜெர்மானியர்கள் 1900-லேயே இதை எழுதி வைத்துவிட்டார்கள். ஒன்றைப் படித்த கையோடு அதே மாதிரி இன்னொன்றைப் படித்தால் முதலாவது சேதமாகிறது. எவ்வளவுக்கு எவ்வளவு ஒரே மாதிரியோ அவ்வளவுக்கு அவ்வளவு சேதம் என்பதை 1931-ல் மெக்கியோக், மெக்டொனால்ட் இருவரும் காட்டினார்கள். ஒரு சொற்பட்டியலைப் படித்த பிறகு இடையில் எண்களைப் படித்தவர்கள் ஓரளவு தப்பித்தார்கள். அதே பொருள் தரும் வேறு சொற்களைப் படித்தவர்கள்தான் மிக மோசமாக அடிவாங்கினார்கள். எங்கள் செஃபலோஸ்போரின் ராத்திரிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடையாது. ஓய்வு என்று நினைத்துக்கொண்டு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போனோம். அது ஓய்வாக இல்லாமல் முன்னால் படித்ததன் மேல் நேரடித் தாக்குதலாக இருந்திருக்கிறது.

இன்னொரு திசைதான் வேலையில் அதிகம் தொல்லை தருவது. பழையது புதியதைக் கெடுக்கும். முன்னோக்குக் குறுக்கீடு என்று பெயர். 1957-ல் பென்டன் அண்டர்வுட் பல பழைய சோதனைகளின் முடிவுகளை அடுக்கி வைத்துப் பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் முதல் தடவையாக ஒரு பட்டியலைப் படித்தவர் ஒரு நாள் கழித்து சுமார் 25 சதவீதம்தான் மறக்கிறார். அதற்கு முன் ஆய்வுக்கூடத்தில் ஏகப்பட்ட பட்டியல்களைப் படித்திருந்தவரோ சுமார் 75 சதவீதம் மறக்கிறார். அதே நீளம், அதே ஒரு நாள். பழக்கப்பட்டவருக்கு நன்றாக வரும் என்றுதானே யாரும் நினைப்போம்? எபிங்ஹாஸ் தானே கணக்கில்லாத பட்டியல்களை மனப்பாடம் செய்தவர். அவருடைய கோடு அத்தனை செங்குத்தாக இறங்கியதில் அந்தப் பழைய பட்டியல்களுக்கும் பங்கு உண்டு.

மருந்தகத்தில் இது எப்படித் தெரியும் என்றால், அலமாரியை மாற்றி அடுக்கும் வாரத்தைப் பார்க்க வேண்டும். நாங்கள் ஒருமுறை அகரவரிசையில் இருந்த மருந்துகளை வகைவாரியாக மாற்றினோம். மெட்டோப்ரோலால் இடது கைப்பக்கம் மார்பு உயரத்தில் இருந்தது, வலது பக்கம் கீழ்த்தட்டுக்குப் போனது. புது இடம் எங்கே என்று யாரைக் கேட்டாலும் சரியாகச் சொல்வார்கள். சுவரில் வரைபடமும் ஒட்டியிருந்தது. ஆனால் சீட்டைப் படித்ததும் கை தன்பாட்டுக்கு இடது பக்கம் போகும். பாதி வழியில் நின்று, ஓ இல்லையே என்று கீழே குனியும். கூட்டம் இல்லாதபோது இது சிரிக்கிற விஷயம். வரிசையில் பத்து பேர் நிற்கும்போது அப்படி இல்லை. ஏனென்றால் கை பழைய இடத்துக்குப் போகும்போது அங்கே வெறுமை இருக்காது, வேறு ஒரு மருந்து இருக்கும்.

மூத்தவர்களுக்குத்தான் இந்தத் தடுமாற்றம் அதிகம் இருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒரே நாளில் தேறிவிட்டான். அவனுக்குப் பழைய இடம் என்று ஒன்று இல்லை. இதை வயசு, மறதி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அனுபவம் உள்ளவரிடம்தான் போட்டிக்கு நிற்கிற ஞாபகம் இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த, கொஞ்சம் பயமுறுத்தவும் செய்கிற விஷயம் ஒன்று உண்டு. சில வாரங்களில் எல்லோருக்கும் புது இடம் பழகிவிட்டது. கை தடுமாறுவது நின்றது. அப்புறம் ஒருவர் நீண்ட விடுப்பில் போய்த் திரும்பி வந்தார். வந்த முதல் நாள், அவர் கை மறுபடியும் இடது பக்கம் மார்பு உயரத்துக்குப் போனது! விடுப்புக்கு முந்தின நாள் வரை சரியாக எடுத்தவர். இதற்கும் பெயர் இருக்கிறது, தன்னிச்சை மீட்சி. புதியதைப் படிக்கும்போது பழையது அழிவதில்லை, அமுங்கித்தான் இருக்கிறது. இடைவெளி விட்டால் புதியதன் மேலாதிக்கம் தளர்ந்து, பழையது தலைதூக்குகிறது. மாற்றிய கடவுச்சொல்லை விடுமுறை முடிந்து வந்து தட்டும்போது பழையதைத் தட்டிவிட்டு விழிப்பதும் இதே கதைதான். ஆகவே எந்த நடைமுறையை மாற்றினாலும் ஆபத்தான நாட்கள் இரண்டு இருக்கின்றன. மாற்றிய முதல் வாரம் ஒன்று, அதை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். விடுப்பில் இருந்து திரும்பும் முதல் நாள் இன்னொன்று, அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எங்களிடம் இப்போது விடுப்பு முடிந்து வருகிறவர் முதல் நாள் தனியாக மருந்து எடுத்துக் கொடுப்பதில்லை, கூட ஒருவர் சரிபார்ப்பார்.

பழையது அழிவதில்லை என்பதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு. 1971-ல் டுல்விங், சோட்கா இருவரும் செய்தது. ஒவ்வொன்றிலும் 24 சொற்கள் உள்ள பட்டியல்கள். ஒவ்வொரு பட்டியலிலும் ஆறு வகை, வகைக்கு நான்கு சொல். சிலர் ஒரு பட்டியல் மட்டும் படித்தார்கள், சிலர் ஆறு வரைக்கும் படித்தார்கள். முதல் பட்டியலைச் சொல்லுங்கள் என்று கேட்டால், அதற்குப் பிறகு எத்தனை பட்டியல் படித்தார்களோ அதற்கேற்ப முதலாவது குறைந்துகொண்டே போனது. எதிர்பார்த்ததுதான். அடுத்து அவர்களுக்கு வகைகளின் பெயரை மட்டும் கொடுத்தார்கள். மறந்துபோனதாகத் தெரிந்த சொற்களில் பெரும்பகுதி திரும்பி வந்துவிட்டது. ஆறு பட்டியல் படித்தவருக்கும் ஏறக்குறைய ஒரு பட்டியல் படித்தவர் அளவுக்கு வந்தது. சொற்கள் உள்ளேதான் இருந்தன, போய்ச் சேரும் வழிதான் அடைபட்டிருந்தது.

என் படிப்பு முறையை மாற்றியது இந்தச் சோதனைதான் என்று சொல்வேன். அதுவரை மறந்தால் மறுபடி படி என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். உள்ளே இருப்பதை இன்னொரு முறை உள்ளே தள்ளி என்ன ஆகப்போகிறது? ஒவ்வொன்றையும் வேறு எதற்கும் இல்லாத ஒரு பிடியில் தொங்கவிட வேண்டும். செஃபசோலினை முதல் தலைமுறை என்று எழுதி வைப்பதற்குப் பதிலாக, அறுவை சிகிச்சைக்கு முன் தொற்று வராமல் இருக்கக் கொடுக்கும் ஊசி என்று வைத்துக்கொண்டேன். செஃப்ட்ரையாக்சோன் என்றால் கால்சியம் கலந்த திரவத்தோடு சேர்க்கக்கூடாது, அதிலும் பச்சிளம் குழந்தைக்குக் கூடவே கூடாது. செஃப்டசிடிம் என்றால் சூடோமோனாஸ் கிருமியை அடிப்பது, செஃப்ட்ரையாக்சோனுக்கு அந்தத் திறன் இல்லை. தலைமுறை எண் என்பது நான்கைந்து மருந்துக்குப் பொதுவான பிடி. எல்லோரும் ஒரே பிடியில் தொங்கினால் ஒருவரை இழுக்கும்போது மற்றவரும் வருவார்கள். இந்தப் பிடிகள் ஒவ்வொருவருக்கும் தனி. எண்ணும் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது.

படிக்கும் வரிசையிலும் கை வைக்க வேண்டியிருந்தது. ப்ரில் என்று முடியும் மருந்துகள் ஒரு கூட்டம், எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில். சார்டன் என்று முடிவது இன்னொரு கூட்டம், லோசார்டன் முதலானவை. இரண்டும் ரத்த அழுத்தத்துக்கு, இரண்டும் உடம்பில் ஒரே பாதையில் வேலை செய்பவை. பாடப்புத்தகத்தில் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கின்றன. புத்தகம் எழுதியவருக்கு அது தர்க்கரீதியான வரிசை. முதல்முறை படிக்கிறவருக்கு இதைவிட மோசமான வரிசை கிடையாது. ப்ரில்களை ஒரு நாள் முடித்துவிட்டு, அன்றைக்கே வேறு எதையாவது, மருந்து தொடர்பான சட்டமோ கணக்கோ எடுத்துக்கொண்டால் இரண்டும் தப்பிக்கும். சார்டன்கள் இரண்டு மூன்று நாள் கழித்து வரட்டும். பாடத்தை மாற்றினாலே தலை தெளிகிறது என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்றும் இருக்கிறது. டெலோஸ் விக்கன்ஸ் செய்த சோதனைகளில், பழங்களின் பெயர்களாகவே மூன்று சுற்று கொடுத்தால் சுற்றுக்குச் சுற்று ஞாபகம் சரிந்துகொண்டே போகும். முதல் மூன்று சுற்றும் தொழில்களின் பெயராக இருந்து, நான்காவதில் பழத்துக்கு மாறினால் ஒரேயடியாக மேலே எழும். முதல் மூன்றும் காய்கறிப் பெயராக இருந்தால் கொஞ்சம்தான் எழும், அது பழத்துக்கு நெருக்கம். களைப்பு என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு களைப்பே இல்லை, ஒரே மாதிரியானவற்றின் நெரிசல்.

படித்து முடித்ததும் சில நிமிடம் சும்மா இருப்பதும் உதவும். கைபேசியை எடுக்காமல், எதையும் வாசிக்காமல், சும்மா. 2012-ல் மிக்கேலா டெவாரும் சக ஆய்வாளர்களும் சிலருக்கு இரண்டு சிறுகதைகளைச் சொல்லி, ஒரு கதைக்குப் பிறகு பத்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்தார்கள், இன்னொரு கதைக்குப் பிறகு படங்களில் வித்தியாசம் கண்டுபிடிக்கும் விளையாட்டைக் கொடுத்தார்கள். ஏழு நாள் கழித்தும், கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்த கதையே அதிகம் நினைவிருந்தது. சொல்வது சுலபம். பத்து நிமிடம் கைபேசியைத் தொடாமல் இருப்பது செஃபலோஸ்போரினைவிடக் கஷ்டம்.

பட்டியலுக்குப் பட்டியல் நடுவில் நிறுத்தி, புத்தகத்தை மூடிவிட்டு, இப்போது படித்ததை எழுதிப் பார்ப்பதும் இதே வேலையைச் செய்கிறது. எழுதிப் பார்த்தால் முன்னால் படித்தது பூட்டப்பட்டு, அடுத்ததில் வந்து கலப்பது குறைகிறது. ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. முக்கியக் கேள்விகள் என்று பத்தை மட்டும் எடுத்துத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கும் பழக்கம் மாணவர்களிடம் இருக்கிறதே, அது மற்றவற்றைச் சும்மா விட்டுவிடுவதில்லை. 1994-ல் மைக்கேல் ஆண்டர்சனும் ராபர்ட் பியார்க், எலிசபெத் பியார்க் இருவரும் காட்டியபடி, ஒரு வகையில் பாதியை மட்டும் நினைவுகூர்ந்து பயிற்சி செய்தால், அதே வகையில் தொடாமல் விட்ட மீதிப் பாதி, தொடவே தொடாத வேறு வகையைவிட மோசமாக மறக்கிறது. வேலையிலும் இதைப் பார்க்கிறேன். தினமும் கொடுக்கிற நான்கு மருந்து நுனிவிரலில் இருக்கும், அதே வகையில் எப்போதாவது வருகிற ஐந்தாவது மருந்தின் டோஸ் சுத்தமாக வராது. பயிற்சிக்கு வருகிறவர்களை நான் கேள்வி கேட்கும்போது அந்த ஐந்தாவதில் இருந்துதான் ஆரம்பிப்பேன். என் மேல் அவர்களுக்கு வருத்தம் உண்டு, தெரியும்.

இங்கே ஒரு முரண்பாடு எழும், எனக்கும் நெடுநாள் எழுந்தது. ஒரே மாதிரியானவற்றைத் தள்ளித் தள்ளிப் படி என்று ஒரு பக்கம் சொல்கிறோம். இன்னொரு பக்கம், கலந்து படிப்பதுதான் நல்லது என்று ஆய்வுகள் சொல்கின்றன. 2007-ல் ரோரர், டெய்லர் இருவரும் மாணவர்களுக்கு வெவ்வேறு வடிவங்களின் கனஅளவு காணும் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒரு வகையை முடித்துவிட்டு அடுத்த வகைக்குப் போனவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். எல்லா வகையும் கலந்து செய்தவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் தலைகீழ். தனித்தனியாகச் செய்தவர்கள் 20 சதவீதம், கலந்து செய்தவர்கள் 63 சதவீதம். அப்படியானால் ப்ரில்லையும் சார்டனையும் கலந்துதானே படிக்க வேண்டும்?

இரண்டும் சரி, நேரம்தான் வேறு. அந்த மாணவர்களுக்கு ஒவ்வொரு வடிவத்துக்கும் எப்படிச் செய்வது என்று முதலில் சொல்லித்தந்தாகிவிட்டது. கலந்து செய்த பயிற்சி கற்றுக்கொடுத்தது, எந்தக் கணக்குக்கு எந்த வழி என்று பிரித்துப் பார்க்கும் திறனை. ஒன்று இன்னும் ஊன்றாதபோது அதே மாதிரி இன்னொன்று வந்தால் இரண்டும் கலங்கும். ஒன்று ஊன்றிய பிறகு இன்னொன்றைப் பக்கத்தில் நிறுத்தி, எங்கே வேறுபடுகிறது என்று உற்றுப் பார்த்தால் இரண்டும் தெளியும். ப்ரில்களால் சிலருக்கு வறட்டு இருமல் வரும், காரணம் பிராடிகைனின் என்ற பொருள் சிதையாமல் சேர்வது. சார்டன்கள் அதில் தலையிடுவதில்லை, அதனால் அவற்றில் இருமல் அரிது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் இரண்டு கூட்டமும் ஒன்றை ஒன்று மறைப்பதை நிறுத்திவிட்டு, ஒன்றை ஒன்று ஞாபகப்படுத்தத் தொடங்கும். ஆனால் அதற்கு முன் ப்ரில் என்றால் என்ன என்று திடமாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குச் சரிப்பட்ட சோதனை இது: புத்தகத்தைப் பார்க்காமல் ஒன்றைப் பற்றி ஒரு நிமிடம் பேச முடிந்தால் அடுத்ததைப் பக்கத்தில் கொண்டுவரலாம். திக்கினால் அது இன்னும் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

மருந்துத் துறை மொத்தமாகவே இந்தப் பிரச்சினையோடு மல்லுக்கட்டுகிறது. ஹைட்ராலசின் ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் புற்றுநோய்க்கு, ஆனால் டோஸ் வேறு, மாறிப்போனால் உயிரே போகலாம். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2001-ல் இப்படிப்பட்ட பெயர்களில் வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிதாக அச்சிடும்படி மருந்து நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. டால் மேன் எழுத்து என்கிறார்கள். சில நேரம் பெயரையே மாற்ற வேண்டி வந்திருக்கிறது. பிரின்டெலிக்ஸ் என்ற மனச்சோர்வு மருந்து, பிரிலின்டா என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு குழம்பியதால் அமெரிக்காவில் 2016-ல் டிரின்டெலிக்ஸ் ஆனது. இவற்றில் ஒரு பகுதி கண் செய்யும் பிழை, ஞாபகம் செய்யும் பிழை இல்லை என்று சொல்லலாம். நடைமுறையில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம். பாதி படித்ததுமே மீதியைப் பூர்த்தி செய்வது ஞாபகம்தானே. எப்படியும் டால் மேன் எழுத்தின் உத்தியை வீட்டுக்கு இறக்குமதி செய்யலாம். ஒரே மாதிரி இரண்டைக் குறிப்பேட்டில் எழுதும்போது பொதுவான பகுதியைச் சிறிதாகவும், வேறுபடும் பகுதியை வேறு நிறத்தில் பெரிதாகவும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் அடிக்கோடு போடும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிடலாம். எல்லாம் எடுப்பாகத் தெரிந்தால் எதுவும் எடுப்பாகத் தெரியாது.

மருந்து சாப்பிடுகிறவர்கள் பக்கம் வருகிறேன். அவர்களுடைய குழப்பம்தான் எனக்கு அதிகக் கவலை. டோஸ் மாறியதும் புதிய சீட்டை வாங்கிக்கொண்டு போவார்கள், பழைய அட்டையில் மீதி இருக்கும் மாத்திரையைத் தூக்கிப் போட மனசு வராது. புதியது ஒரு பக்கம், பழையது ஒரு பக்கம். பழைய அட்டை கண்ணில் படும்போதெல்லாம் அது பழைய ஞாபகத்தைத் தட்டி எழுப்புகிறது. காலையில் அரை என்பதா, இரவில் ஒன்று என்பதா என்று தடுமாறி, சிலர் இரண்டையும் சாப்பிட்டுவிடுகிறார்கள். டோஸ் மாறினால் பழைய அட்டையை மருந்தகத்தில் கொடுத்து விடுங்கள், பழைய சீட்டைக் கிழித்து விடுங்கள். புதிய மாத்திரையைப் பழைய இடத்தில் வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். இடம் மாறினால் கையும் ஒரு நொடி நின்று யோசிக்கும்.

எல்லாவற்றையும்விட நான் கவனமாகச் சொல்லிக் கொடுப்பது மெத்தோட்ரெக்சேட் மாத்திரை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும்போது வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். ஆனால் மாத்திரை என்றால் தினமும் என்பது வருடக்கணக்கில் ஊறிப்போன பழக்கம். வாரம் ஒருமுறை என்ற புது விஷயம் அந்தப் பழக்கத்தோடு மோதும்போது அடிக்கடி பழக்கம்தான் ஜெயிக்கிறது. தினமும் சாப்பிட்டு எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு இறந்தவர்களும் உலகில் உண்டு, அதனால்தான் இதற்கென்று தனியாக எச்சரிக்கைகள் அச்சாகின்றன. வாரம் ஒருமுறை என்று நான் பத்து தடவை சொன்னாலும் அது வெறும் சத்தம். ஆகவே கிழமையை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன், ஏற்கெனவே ஏதாவது ஒரு வேலை நிச்சயமாக இருக்கும் கிழமையாக. அதை அட்டையின் மேல் அவர் கையாலேயே எழுதச் சொல்வேன். அப்புறம் வேறு மருந்துகளைப் பற்றிச் சில நிமிடம் பேசிவிட்டு, சரி, இந்த மாத்திரையை எப்போது சாப்பிடுவீர்கள் என்று சாதாரணமாகக் கேட்பேன். கிழமையின் பெயர் வந்தால் பையைக் கையில் கொடுப்பேன். காலையில் என்றோ சாப்பாட்டுக்குப் பிறகு என்றோ பதில் வந்தால், அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு முதலில் இருந்து ஆரம்பிப்பேன்.